இந்திய விண்வெளித் தொழில்: வளர்ச்சியும் வர்த்தக வாய்ப்புகளும்

விண்வெளித் தொழில் என்பது, செயற்கைக்கோள்களையும் அவற்றை மேலே கொண்டு செல்லும் ராக்கெட்டுகளையும் உற்பத்தி செய்தல், ஏவுதல், தரையிலிருந்து இயக்குதல், அவை அனுப்பும் படங்களையும் செய்திகளையும் உபயோகமான சரக்காக்கி விற்றல் ஆகிய காரியங்கள் அனைத்தையும் தழுவிய கைத்தொழில் தொகுதியாகும். ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பும் காட்சியே ஜனங்களின் கண்ணைப் பறித்துவிடுவதால், அதுவே இத்தொழிலின் சாரம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆயினும் உலக விண்வெளி வர்த்தகத்தின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஏவுதலுக்குரிய வருமானம் மிகச் சொற்பமாகவும், தொலைக்காட்சி ஒளிபரப்பு, இணைய இணைப்பு, இருப்பிடம் காட்டும் சேவை, அவற்றுக்கான தரைக் கருவிகள் ஆகியவற்றின் வருமானம் மிகப் பெரிதாகவும் இருப்பது விளங்கும். கடலோ ஏவுதளமோ இல்லாமல், பஞ்சு, நூல், தென்னை, காற்றாலை ஆகியவற்றையே பிழைப்பாகக் கொண்ட உடுமலைப்பேட்டை போன்ற பிரதேசத்துக்கு இத்தொழிலில் இடம் உண்டா என்று ஆராய்வோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இதுவே.

தோற்றமும் சர்க்கார் ஏகபோகமும்

விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1962-இல் தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அமைந்ததும், 1963 நவம்பர் 21-இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டதும் இத்துறையின் ஆரம்பம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோ 1969 ஆகஸ்டு 15-இல் தோன்றியது. 1972-இல் விண்வெளி ஆணையமும் தனி இலாகாவும் ஏற்பட்டன. ஆரியபட்டா 1975-இல் சோவியத் ராக்கெட்டில் ஏறிச் சென்றது. 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ரோகிணியை இந்திய மண்ணிலிருந்தே சுற்றுப்பாதையில் சேர்த்தது. அக்காலத்தில் தனியார் தொழிற்சாலைகள் இதில் ஈடுபடாமல் இல்லை. மோட்டார்களின் உறைகளை வால்சந்த்நகரும், விகாஸ் இயந்திரத்தின் பாகங்களைக் கோத்ரெஜும், இன்னும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் திருகு முதல் மின்சுற்றுப் பலகை வரையும் செய்து கொடுத்தன. ஆனால் வரைபடம் இஸ்ரோவுடையது. மூலப்பொருள் பெரும்பாலும் இஸ்ரோ கொடுத்தது. வாங்குகிறவரும் இஸ்ரோ ஒருவரே. பின்னலாடைத் தொழிலிலுள்ள திருப்பூர்க்காரர்கள் இதனை ஒரே வாக்கில் ‘ஜாப் ஒர்க்’ என்று சொல்லிவிடுவார்கள்.

வெளிநாட்டாருக்குச் சேவை விற்பதற்காக 1992-இல் ஆன்ட்ரிக்ஸ் என்னும் சர்க்கார் கம்பெனி அமைந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நம்பகமும் மலிவும் பெயர் பெற்று, 2017 பிப்ரவரி 15-இல் ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்கள் சென்றபோது உலகம் வியந்தது. இதுவரை 430-க்கும் மேற்பட்ட அந்நியக் கோள்களை இந்தியா ஏவியிருக்கிறது. எண்ணிக்கை பெரிதேயாயினும், அவற்றிற் பெரும்பாலானவை சில கிலோ எடையுள்ள சிறு கோள்களாதலின், கிடைத்த பணம் அந்த எண்ணிக்கைக்கு ஏற்றதன்று. இதே ஆன்ட்ரிக்ஸ் 2005-இல் தேவாஸ் கம்பெனியுடன் செய்துகொண்ட அலைக்கற்றை ஒப்பந்தம் 2011-இல் ரத்தாகி, பல தேசங்களின் நியாய சபைகளில் வழக்காக வளர்ந்து, அக்கம்பெனி மோசடிக்கென்றே அமைக்கப்பட்டது என்னும் காரணத்தால் அதனைக் கலைக்கும் உத்தரவை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பின்னரும் நீடித்தது. சர்க்காரும் தனியாரும் வெகுகாலம் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு நோக்கியதற்கு இந்த வியாஜ்ஜியம் முக்கிய காரணங்களில் ஒன்று.

கதவு திறந்த வரலாறு

2019-இல் நியூஸ்பேஸ் இந்தியா லிமிடெட் என்னும் சர்க்கார் வர்த்தகக் கம்பெனி தோன்றியது. 2020 ஜூனில் மத்திய மந்திரி சபை தனியாரை இத்துறையில் முழுமையாக அனுமதிக்கத் தீர்மானித்தது. அனுமதியும் ஊக்கமும் அளிப்பதற்கென ஏற்பட்ட இன்-ஸ்பேஸ் ஸ்தாபனத்தின் தலைமையகம் 2022 ஜூனில் ஆமதாபாத்தில் திறக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை, ஆராய்ச்சியை இஸ்ரோவுக்கும், வர்த்தகத்தை நியூஸ்பேஸுக்கும் தனியாருக்கும், அனுமதியை இன்-ஸ்பேஸுக்கும் என்று வேலையைப் பங்கிட்டது. 2024-இல் அந்நிய மூலதன விதிகள் தளர்ந்தன: சர்க்காரின் முன்னனுமதி கேளாமலே பாகங்கள் செய்யும் ஆலைகளில் 100 சதவீதமும், செயற்கைக்கோள் உற்பத்தியில் 74 சதவீதமும், ஏவுவாகனங்களிலும் ஏவுதளங்களிலும் 49 சதவீதமும் வெளியார் முதலிடலாம். அதே ஆண்டில் இளம் நிறுவனங்களுக்கென 1,000 கோடி ரூபாய் நிதியும் அங்கீகரிக்கப்பட்டது.

விளைவுகள் விரைவாகவே தெரிந்தன. 2022 நவம்பர் 18-இல் ஐதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் விக்ரம்-எஸ் என்னும் ராக்கெட்டைச் செலுத்தியது. 2024 மே 30-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல், முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்யப்பட்ட இயந்திரத்தைக் கொண்ட ராக்கெட்டைத் தன் சொந்த ஏவுமேடையிலிருந்தே பறக்கவிட்டது. ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளை முழுமையாகச் செய்து கொடுக்கும் பொறுப்பு, சர்க்கார் வானூர்திக் கம்பெனியாகிய எச்.ஏ.எல்., லார்சன் அண்ட் டூப்ரோ ஆகியவற்றின் கூட்டமைப்புக்குச் சென்றது. சிறு ராக்கெட்டாகிய எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பத்தை 511 கோடி ரூபாய்க்கு எச்.ஏ.எல். ஏலத்தில் பெற்றது. 2025-இல் பெங்களூரின் பிக்ஸல் தலைமையிலான கூட்டமைப்பு, பூமியைக் கண்காணிக்கும் 12 கோள்களை 1,200 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தன் முதலீட்டில் அமைக்கும் உரிமையை அடைந்தது.

இன்-ஸ்பேஸ் 2023-இல் வெளியிட்ட கணிப்பின்படி, 840 கோடி டாலராக, உலக வர்த்தகத்தில் ஏறத்தாழ 2 சதவீதமாக இருந்த இந்திய விண்வெளிப் பொருளாதாரம் 2033-இல் 4,400 கோடி டாலராகி 8 சதவீதத்தை எட்ட வேண்டும். இது இலக்கேயன்றி உறுதியன்று. விண்வெளி இலாகாவுக்கு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 13,400 கோடி ரூபாய். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியோ 2024-25-இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். தேசம் முழுவதும் கொண்டாடும் ஒரு துறையின் வருஷச் செலவைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றே குறைவான சரக்கைப் பனியனும் டி-ஷர்ட்டுமாக ஒரே நகரத்தார் கப்பலேற்றுகிறார்கள் என்பதை அறிந்தால், இத்துறையின் அளவைப் பற்றிய மயக்கம் தெளியும்.

தமிழ்நாட்டின் பங்கு

மகேந்திரகிரியின் உந்துவிசை வளாகத்தில் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. சேலம் உருக்காலை, கடுங்குளிர் எரிபொருள் கட்டத்துக்கு வேண்டிய விசேஷ துருப்பிடிக்காத எஃகைக் கொடுத்திருக்கிறது. நாமக்கல் அருகே சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய கிராமங்களின் அனார்த்தசைட் பாறையைப் பொடித்த மண்ணின்மேல்தான் சந்திரயான் தரையிறங்கியின் ஒத்திகை நடந்தது. சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராயிருந்த மயில்சாமி அண்ணாதுரை, உடுமலைக்கு அண்டையிலுள்ள பொள்ளாச்சிப் பகுதியின் கோதவாடியிற் பிறந்து கோயம்புத்தூர்க் கல்லூரிகளிற் பயின்றவர்.

திருச்செந்தூர்க் கடற்கரைப் பகுதியிலுள்ள குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு ஏறத்தாழ 986 கோடி ரூபாய். இப்போதுள்ள ஏவுதளமாகிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே செல்லும் ராக்கெட் இலங்கையின்மேல் பறக்க நேரும் என்பதால், முதலில் தென்கிழக்கே சென்று பின்னர் வளைந்து தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் எரிபொருள் வீணாகிச் சுமக்கும் எடை குறைகிறது. பெரிய ராக்கெட் இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டு செல்லும் எஸ்.எஸ்.எல்.வி. தாங்காது. திருச்செந்தூர்க் கடற்கரையிலிருந்து புறப்பட்டால் தெற்கே தடையில்லை. இதனைச் சார்ந்து, தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழிற் கொள்கையொன்றை அங்கீகரித்து, ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடும் 10,000 பேருக்கு வேலையும் இலக்காக வைத்தது.

உடுமலைப் பிரதேசமும் இத்தொழிலும்

கோயம்புத்தூரின் யந்திரத் தொழில் பஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்தது. அந்த யந்திரத் தொழிலிலிருந்தே விண்வெளிப் பாகங்களின் உற்பத்தி கிளைத்தது. உடுமலையின் நூற்பாலைகளுக்கும் தேசத்தின் பிற ஆலைகளுக்கும் கதிர் யந்திரங்களைச் செய்துவந்த லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், பின்னாளில் வானூர்தி, விண்வெளித் துறைகளுக்கான நுண்ணிய உலோகப் பாகங்களையும் கூட்டுப்பொருள் பாகங்களையும் செய்யும் தனிப் பிரிவை ஏற்படுத்திக்கொண்டது. லார்சன் அண்ட் டூப்ரோவின் கோயம்புத்தூர் ஆலை, சந்திரயான்-3-ஐச் சுமந்த ராக்கெட்டையும் தரையையும் இணைக்கும் தகடுகளைச் செய்து கொடுத்தது. ஆகவே, மில்லுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் இத்தகைய பெரிய ஆலைகளின் துணை ஒப்பந்தக்காரராக நுழைவது நடக்கக்கூடிய காரியமே. ஆனால் அவர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். இங்கே ஆர்டர் லட்சம் உருப்படிகளுக்கு வருவதில்லை, பத்துக்கோ இருபதுக்கோ வரும். ஒவ்வொரு துண்டுக்கும் உலோகம் எந்த வார்ப்பிலிருந்து வந்தது, யார் கடைந்தார், யார் அளந்தார் என்ற ஏடு இருத்தல் அவசியம். சாம்பிள் அங்கீகாரமாவதற்கே வருஷங்கள் ஆகலாம். நாற்பத்தைந்து நாளில் சரக்கை அனுப்பி, டிராபேக் என்னும் ஏற்றுமதி வரித் திருப்பத்தை வாங்கி, அடுத்த பையரைத் தேடும் பழக்கமுடையவருக்கு இந்தப் பொறுமை எளிதில் வாய்ப்பதன்று.

துணியின் பக்கம் வாய்ப்பு உண்டா என்ற வினா இப்பகுதியார்க்கு இயல்பானது. செயற்கைக்கோளின்மேல் பொன்னிறமாய்ச் சுற்றியிருக்கும் வெப்பத்தடுப்புப் போர்வை, உலோகம் பூசிய மெல்லிய படலங்களை அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடையிடையே பாலியெஸ்டர் வலைத்துணியை வைத்துத் தைத்ததேயாகும். இந்தியாவும் அமெரிக்காவும் கூடிச் செய்து 2025 ஜூலை 30-இல் ஏவிய நிசார் கோளின் 12 மீட்டர் அகலமுள்ள பிரதிபலிப்பான், பொன்முலாம் பூசிய கம்பி வலையால் ஆனது. இத்தகைய வலைகளைக் கம்பியைக் கொண்டு பின்னியே எடுக்கிறார்கள். பின்னல் என்றவுடன் திருப்பூர் மகிழலாகாது. அது பாவுநூற் பின்னல், அதாவது வார்ப் நிட்டிங். திருப்பூரில் சுழலும் வட்டப் பின்னல் யந்திரங்கள் பெரும்பாலும் அந்த வேலைக்குரியவை அல்ல. கார்பன் இழைத் துணி, அராமிட் துணி, பாராசூட்டுக்குரிய நைலான் பட்டை ஆகியவையும் இவ்வாறே தனி நூலும் தனித் தறியும் தனிப் பரீட்சையும் வேண்டுவன. 2020-இல் 1,480 கோடி ரூபாயில் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்துவந்திருக்கிறது; கோயம்புத்தூரில் ஜவுளி ஆராய்ச்சி நிலையமாகிய சிட்ராவும், தொழில்துறைத் துணிகளுக்கான பி.எஸ்.ஜி. மையமும் இருக்கின்றன. கூட்டுப்பொருளுக்கான மையமோ ஆமதாபாத்தில் இருக்கிறது. விண்வெளித் தேவை மாத்திரம் ஓர் ஆலையைக் காப்பாற்றாது. ராணுவம், வானூர்தி, காற்றாலை இறக்கை ஆகியவற்றுக்குத் துணி நெய்யும் ஆலையே விண்வெளிக்கும் சிறிது நெய்து கொடுக்க முடியும்.

இவற்றினும் உறுதியான வாய்ப்பு, மேலேயிருந்து வரும் படங்களை உபயோகிப்பதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. பாலக்காட்டுக் கணவாயின் காற்றை நம்பி உடுமலை, பூளவாடி, குடிமங்கலம் வட்டாரங்களில் நிற்கும் காற்றாலைகள், தாங்கள் தரப்போகும் மின்சாரத்தைப் பதினைந்து நிமிஷத் துண்டுகளாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; கணிப்பு தவறினால் அபராதம். இன்சாட்-3டிஎஸ் போன்ற வானிலைக் கோள்களின் செய்தியை உள்ளூர்க் காற்றோடு பொருத்திக் கணிக்கத் தெரிந்த சிறு நிறுவனத்துக்கு இங்கேயே கிராக்கி இருக்கிறது. தென்னந்தோப்புகளில் வேர்வாடல் நோயும் வெள்ளை ஈயும் பரவும் வேகத்தை, ஓலையின் பசுமை மாறுவதைக் கொண்டு படத்திலிருந்தே மதிப்பிடலாம். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்துத் திருமூர்த்தி அணையிலிருந்து தண்ணீர் விடும்போது, கடைமடைக்கு எட்டவில்லை என்ற தகராறு ஆண்டுதோறும் எழுவதுண்டு. எந்த மண்டலத்தில் எத்தனை ஏக்கர் உண்மையில் நனைந்தது என்பதை ராடார் படம் மேகத்தையும் ஊடுருவிக் காட்டும். டெல்லியிலுள்ள மகலனோபிஸ் பயிர் முன்கணிப்பு மையம் செயற்கைக்கோளைக் கொண்டு பருத்திப் பரப்பை அளவிடுகிறது. பஞ்சு விலை ஏறுமுன் அதை அறிந்துகொள்ளும் மில்காரருக்கு அந்த அறிவின் மதிப்பு எவ்வளவென்று சொல்ல வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டின் கொள்கைப்படி, 5 மீட்டரும் அதனினும் பருமனுமான நுணுக்கமுள்ள இஸ்ரோ படங்கள் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் அவ்வாறே. ராக்கெட்டுக்கு வேண்டிய கோடிகள் இதற்கு வேண்டா; கணிதமும் கணினியும் கற்ற நாலைந்து பட்டதாரிகளும், தோப்பையும் மில்லையும் நேரிற் கண்டறிந்த அநுபவமும் போதும்.

குறைபாடுகள்

கொள்கை இருந்தபோதிலும் சட்டம் இல்லை. 2017-இல் வெளியான விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு இன்னும் சட்டமாகவில்லை. சர்வதேச உடன்படிக்கைகளின்படி, தனியார் ஏவிய பொருள் பிற தேசத்தில் விழுந்து கேடு விளைத்தாலும் நஷ்டஈட்டுக்கு உத்தரவாதி ஏவிய தேசத்தின் சர்க்காரே; அந்தப் பாரத்தில் கம்பெனியின் பங்கு எவ்வளவு, காப்பீடு எவ்வளவு என்று நிர்ணயிக்கும் சட்டம் வராத வரையில் பெரு மூலதனம் தயங்கும். தோல்வியும் இத்தொழிலில் எப்போதும் உடனிருப்பது. நம்பகத்துக்குப் பெயர் பெற்ற பி.எஸ்.எல்.வி.யே 2025 மே 18-இல் மூன்றாம் கட்டத்திற் பழுதுற்றுக் கோளை இழந்தது. இந்தியாவின் கனமான ஜிசாட்-என்2 செய்திக் கோளை 2024 நவம்பரில் அமெரிக்க ஃபால்கன்-9 ராக்கெட்டிலே அனுப்ப வேண்டியிருந்தது. மீண்டும் உபயோகிக்கக்கூடிய அந்த ராக்கெட்டை உடைய கம்பெனியோடு விலையிற் போட்டியிடுவது எளிதன்று. உள்நாட்டிலேயே நிலையான வாங்குபவர்கள் இல்லாத விண்வெளித் தொழில் நிலைப்பது அரிது; அமெரிக்காவில் அத்தகைய வாங்குபவர்களில் முக்கியமானவர் சர்க்காரே. வேளாண்மை, நீர்ப்பாசனம், மின்வாரியம் ஆகிய நம் இலாகாக்கள் இலவசப் படத்தோடு நின்றுவிடாமல், அதிலிருந்து ஆராய்ந்தெடுத்த முடிவுகளைத் தனியாரிடம் ஆண்டு ஒப்பந்தத்தில் விலை கொடுத்து வாங்கத் தொடங்கினாலன்றி, 2033-ஆம் ஆண்டின் இலக்கு எட்டப்படுவது துர்லபம்.