தலைமைக்கு அளவுகோல் பிறப்பா, கொள்கையா?

கல்வியே நம் மக்களைக் கரையேற்றும் தோணி என்று நம்பி இக்கழகத்தைத் தோற்றுவித்த பெரியோர்களின் உழைப்பு இன்று வெள்ளி விழாக் காண்கிறது. கல்வி பெற்றவனின் தலையாய கடமைகளுள் ஒன்று, தன் வாக்கை எண்ணிப் பார்த்து அளிப்பதாகும். தேர்தல் வரும்போதெல்லாம் நம் தெருக்களில் இரண்டு குரல்கள் எழுகின்றன. “நம்மவர் நிற்கிறார், வேறெதுவும் பார்க்க வேண்டா” என்பது ஒன்று. “சாதி பார்க்கலாகாது, கொள்கையை மட்டுமே பார்க்க வேண்டும்” என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வரலாற்றின் துணைகொண்டு எடைபோட்டுப் பார்ப்போம்.

குடவோலை முறையைப் பற்றிப் பாடநூல்கள் பெருமையுடன் பேசுகின்றன. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டும் என அவற்றுள் பிந்தையது கூறுகிறது. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிவைத்த விதி இன்றைக்கும் போற்றத்தக்கதே. ஆயினும் அவ்வூர் ஒரு பிரமதேயம். வேதம் கற்றிருத்தலும் அங்கே ஒரு தகுதி. ஆகவே, அவ்வூர் வயல்களில் பாடுபட்டவர்களின் பெயர் குடத்துக்குள் விழ வழியே இல்லை. பிறப்பை முன்வைத்துத் தலைமையைத் தீர்மானிக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள் நாம் அல்லோம் என்பதை இளைஞர்கள் முதலில் உணர வேண்டும்.

அக்கதவை உடைப்பதற்கே சட்டமன்றத்தில் தனி இடங்கள் கேட்கப்பட்டன. 1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புத் தீர்ப்பு, நம் மக்கள் மட்டுமே வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வழங்கிற்று. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. மாகாணச் சட்டமன்ற இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன. ஆனால், அவற்றுக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்போர் எல்லாச் சாதியினரும் என்றாயிற்று. இதன் விளைவு என்ன? 1952இல் வடபம்பாய்த் தொகுதியில் அண்ணல் அம்பேத்கர் தோற்றார். காங்கிரசைச் சார்ந்த கஜ்ரோல்கர் வென்றார். இருவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே. பிறப்பு மட்டுமே போதும் என்றால், இருவரும் ஒன்றெனக் கொள்ள நேரிடும். அவ்வாறு கொள்ள நம்முள் எவர் உடன்படுவார்? ஆகவே, “நம்மவர்” என்னும் சொல் தேர்வின் தொடக்கமே அன்றி முடிவு அன்று.

இனி, நம் மதுரை மண்ணுக்கு வருவோம். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்தவர் பி. கக்கன். 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களுள் அவரும் ஒருவர். 1952இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும், 1957 முதல் 1967 வரை தமிழக அமைச்சராகவும் விளங்கினார். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை ஆகிய பொறுப்புகளை ஏற்றும், தமக்கென யாதொன்றும் சேர்த்துக்கொள்ளாத தூயவர். ஆயினும் 1967 தேர்தலில் மேலூர்ப் பகுதியில் தி.மு.கழகத்தின் ஓ. பி. இராமனிடம் தோல்வியுற்றார். அவ்வாண்டில் அரிசிப் பஞ்சமும், 1965இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை அரசு அடக்கிய முறையும் மக்கள் மனத்தில் நின்றன. உள்துறை கக்கனிடம் இருந்தது. அவருடைய நேர்மையில் எவரும் ஐயம் கொள்ளவில்லை. அவர் சார்ந்த அரசின் கொள்கையையே மக்கள் மறுத்தனர். அவர்பால் நாம் கொண்ட மதிப்பு, அத்தீர்ப்பைத் தவறென்று சொல்ல நம்மைத் தூண்டலாகாது. கொள்கையை எடைபோடும் உரிமை மக்களுக்கு என்றும் உண்டு.

அவ்வாறாயின், கொள்கை ஒன்றே போதுமா? இங்கேதான் பாபு ஜெகஜீவன்ராமின் வரலாறு நமக்குப் பாடம் ஆகிறது. 1946இல் இடைக்கால அரசில் தொழிலாளர் துறையை ஏற்றவர் அவர். பசுமைப் புரட்சிக் காலத்தில் உணவு அமைச்சர். 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்பு அமைச்சர். 1977இல் ஜனதா கட்சி வென்றபோது பிரதமர் பதவிக்குரியவராகப் பேசப்பட்டார். ஆனால், சரண் சிங் தம் ஆதரவை மொரார்ஜி தேசாய்க்கு அளித்தார். 1975இல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் ஜெகஜீவன்ராம் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அது கொள்கை வழிப்பட்ட மறுப்பே. நாமும் அதைப் புறந்தள்ள இயலாது. அத்தீர்மானம் அவருடைய வாழ்வில் ஒரு கறையே.

ஆனால், இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது யாது? 1979 ஜூலை 28ஆம் நாள் அதே சரண் சிங், நெருக்கடி நிலையைக் கொணர்ந்த இந்திரா காந்தி அம்மையாரின் கட்சி தந்த ஆதரவுடனேயே பிரதமரானார். அவ்வாதரவு விலக்கப்படவே, ஆகஸ்ட் 20இல் பதவி விலகினார். தமக்கு வாய்ப்பளிக்குமாறு ஜெகஜீவன்ராம் கோரினார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டியோ ஆகஸ்ட் 22இல் மக்களவையைக் கலைத்தார். தீர்மானத்தை முன்மொழிந்தவருக்கு ஒரு மரக்கால், நெருக்கடி நிலையைக் கொணர்ந்தவருக்கு வேறொரு மரக்கால்! குத்தகை அளக்க ஒன்றும் கூலி அளக்க ஒன்றுமாக இரண்டு மரக்கால்களைக் களத்தில் கண்ட நம் முன்னோர்க்கு இது புதிதன்று. 1978இல் வாரணாசியில் அவர் திறந்துவைத்த சிலையைச் சிலர் கங்கை நீரால் கழுவினர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குக. நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தும், அவர் கை தீண்டத்தகாத கையாகவே அவர்களுக்குத் தோன்றிற்று.

இதனின்றும் நாம் பெறும் உண்மை ஒன்று. கொள்கையை அளவுகோலாகக் கொள்க. ஆனால், எல்லோர்க்கும் அதே அளவுகோலைக் கொள்க. ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறுமாயின், அங்கே பேசுவது கொள்கை அன்று. கொள்கையின் போர்வைக்குள் மறைந்துள்ள பிறப்பே.

போர்வைகூட இல்லாத இடங்களையும் நம் மாவட்டம் கண்டது. 1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள் மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் தலைவர் பதவி செயற்பட இயலாது போயிற்று. தேர்தல் நடவாது தடுத்தனர். நடந்தால், வென்றவரைப் பதவி விலகச் செய்தனர். 2006 அக்டோபரில்தான் அம்முட்டுக்கட்டை நீங்கிற்று. அமெரிக்காவிலும் கறுப்பின மக்களுக்கு 1870இலேயே வாக்குரிமை எழுத்தில் வந்தது. தென்மாநிலங்களில் அது நடைமுறைக்கு வர 1965ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. அதன் பின்னரே 2008இல் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட முடிந்தது. வேட்பாளராக நிற்கவே இயலாத இடத்தில், “பிறப்பைப் பாராதீர், கொள்கையைப் பாரீர்” என்பது வெற்று உபதேசம். முதலில் கதவு திறக்க வேண்டும்; பின்னரே உள்ளே வந்தவரின் தகுதியை ஆராய இயலும்.

கதவு திறந்தபின் நிகழ வேண்டுவது யாது என்பதை 2017ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் காட்டுகிறது. இராம்நாத் கோவிந்தும், ஜெகஜீவன்ராமின் மகளார் மீராகுமாரும் எதிரெதிரே நின்றனர். இருவரும் பட்டியல் வகுப்பினர். அன்று எவராயினும் கொள்கையையும் கட்சியையும் கேட்டே தீர வேண்டியிருந்தது. அம்பேத்கருக்கு 1990இல் பாரத ரத்னா வழங்கிய வி.பி. சிங் அரசுதான் பௌத்தம் தழுவிய நம் மக்களுக்கும் பட்டியல் வகுப்பு உரிமைகளை நீட்டித்தது. வி.பி. சிங்கோ அரச குடும்பத்தினர். வைத்தியநாத அய்யரும் நம் பிறப்பினர் அல்லர். அவர்களை நாம் நன்றியுடன் நினைப்பது அவர்கள் செய்த செயலுக்காகவே.

எனவே, இளைஞர்களே! வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும் நிலம், கூலி, பள்ளி, விடுதி, கல்வி உதவித்தொகை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆகியவற்றில் அவர் நிலை யாது என்று கேளுங்கள். நம்மவரிடமும் அதே கேள்வியை அதே குரலில் கேளுங்கள். நம்மவர் என்பதற்காகக் கணக்கைத் தள்ளுபடி செய்யாதீர்கள். அதே வேளையில், நம்மவர் என்பதற்காக ஒருவரை வாயிலில் நிறுத்தினால், அவர் கொள்கை உங்களுக்கு உடன்பாடு அன்று எனினும், அவர் உள்ளே நுழையும் உரிமைக்காக உடன் நில்லுங்கள். நுழைந்தபின் அவரை எதிர்த்து வாக்களிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் அறிவைத் தருவதே கல்வியின் பயன். இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்துவருவதும் அதற்காகவே.