'தற்செயல்' என்று எழுதப்பட்ட அறுபது லட்சம் சாவுகள்

மீன்வலையில் மாட்டிச் சாகும் கடற்பாலூட்டிகளைப் பற்றிய சட்டங்களிலும் அறிக்கைகளிலும் ஒரு சொல் விடாமல் வருகிறது: தற்செயல். வேறு மீனுக்கு வலை போட்டோம், ஓங்கில் மாட்டிக்கிச்சு, செத்துப்போச்சு, அவ்வளவுதான் என்கிறது அந்தச் சொல். (நம் கரையில் ஓங்கில் என்பதைத்தான் படித்தவர்கள் டால்பின் என்கிறோம்.) இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு, மெக்சிகோவிலிருந்து பெரு வரை விரிந்துகிடக்கும் கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக் கடலின் வரலாறு ஒன்றே போதும்.

அங்கே மஞ்சள்துடுப்புச் சூரை ஓங்கில் கூட்டங்களுக்கு அடியில் சேர்ந்து நீந்துகிறது. சான் டியேகோ துறைமுகத்து மீனவர்கள் வெகுகாலம் உயிர் இரை வீசி, கழித்தூண்டிலால் ஒவ்வொரு சூரையாகத் தூக்கிப்போட்டவர்கள். 1950களில் நைலான் வலை வந்தது. மரியோ புராட்டிச் என்பவர் வடிவமைத்த, வலையை இயந்திர விசையால் இழுத்தேற்றும் கப்பியும் வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கப்பல்கள் சுருக்குமடிக்கு மாறின. நம் கரைகளில் ஊரோடு ஊரை மோதவிட்ட அதே சுருக்குமடிதான். அளவு மட்டும் பல மடங்கு பெரிது. ஆழத்தில் இருக்கும் சூரை கண்ணுக்குத் தெரியாது. மூச்சுவிட மேலே வருகிற ஓங்கில் தெரியும். ஆகவே ஓங்கிலைத் தேடினார்கள். வேகப்படகுகளை இறக்கித் துரத்தினார்கள். வளைத்து வலை போட்டு, அடிமடியைச் சுருக்கினார்கள். சூரை கப்பலில் ஏறியது. வலையின் மடிப்புகளில் சிக்கிய ஓங்கில்கள் மூச்சுமுட்டிச் செத்தன.

துரத்திப் போய் வளைத்ததற்குப் பெயர் தற்செயலா? அமெரிக்கச் சட்டம் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்குத் 'தொழிலோடு கூடவே நேர்வது' என்றும் பொருள் உண்டு. அந்த இரட்டைப் பொருளில்தான் எல்லாம் நடந்தது. நோக்கம் சூரையின் மேல். ஓங்கில் வெறும் கருவி. கருவி உடைந்தால் அது கொலைக்கணக்கில் சேராது. 1960களில் ஆண்டுக்குச் சில லட்சம் என்ற அளவில் செத்தன. இந்த மீன்பிடி தொடங்கியதிலிருந்து செத்தவை 60 லட்சத்துக்கு மேல் என்பது அமெரிக்க அரசின் மீன்வளத் துறையே தருகிற மதிப்பீடு.

வில்லியம் பெர்ரின் என்ற உயிரியலாளர் 1960களின் பிற்பகுதியில் இதை வெளியே கொண்டுவந்தார். 1972இல் அமெரிக்கா கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. தற்செயல் சாவு பூச்சியத்தை நெருங்க வேண்டும் என்றது அது. கூடவே சூரைத் தொழிலுக்கு இரண்டாண்டு விலக்கு! பிறகு ஒதுக்கீடு வந்தது. 1980களில் அமெரிக்கக் கப்பல்களுக்கு ஆண்டுக்கு 20,500 ஓங்கில். எத்தனை நடக்கலாம் என்று முன்கூட்டியே எண் குறித்துக்கொடுத்த 'தற்செயல்' வேறெங்கும் உண்டா, தெரியவில்லை.

இதில் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. ஓங்கிலை வெளியே விடும் வழியைக் கண்டுபிடித்தவர்கள் கப்பல்காரர்களே. வளைத்த பிறகு கப்பலைப் பின்னோக்கி ஓட்டினால் மிதவைக்கயிறு நீருக்குள் தாழும். அதன் மேலாக ஓங்கில் நழுவிப் போய்விடும். மூக்கு சிக்காதபடி அந்த இடத்தில் சிறுகண்ணி வலைத்துண்டு ஒன்றைப் பொருத்தும் முறையும் ஹரால்ட் மெதினா என்ற சூரைக்கப்பல் தலைவரிடமிருந்து வந்ததுதான். கொன்ற கைக்குத்தான் கொல்லாமலிருக்கும் தொழில்நுட்பமும் தெரிந்திருந்தது. நமது சூழலியல் பேச்சுகளில் மீனவன் குற்றவாளியாகவோ அப்பாவியாகவோ மட்டுமே வருகிறான், அறிவுள்ளவனாக வருவதில்லை.

சட்டம் இறுகியதும் கப்பல்கள் கொடியை மாற்றிக்கொண்டன. 1988இல் சாம் லபட் என்பவர் பனாமாக் கப்பலில் சமையல்காரராக ஏறி எடுத்த படம் அமெரிக்க வீடுகளுக்குள் போனது. 1990 ஏப்ரலில் பெரிய தகர டப்பாக் கம்பெனிகள் 'ஓங்கிலுக்கு ஆபத்தில்லாத சூரை' மட்டுமே வாங்குவோம் என்று அறிவித்தன. மெக்சிகோச் சூரைக்கு அமெரிக்கா தடை போட்டது. மெக்சிகோ காட் அமைப்பிடம் போனது. 1991இல் காட் குழு மெக்சிகோ பக்கம் நின்றது. சூரை சூரைதான், அதை எப்படிப் பிடித்தார்கள் என்பது சரக்கின் தன்மையில் சேராது என்பது அதன் வாதம். டங்கல் வரைவை எதிர்த்து இங்கே கூட்டம் போட்ட நாட்கள் அவை. சரக்கு தன் பிறப்பை மறைத்துக்கொள்வதை மார்க்சிடம் படித்தவர்களுக்கு அந்த வாக்கியம் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஆனால் முப்பது வருஷம் கொன்றுவிட்டு, தன் கடற்படை ஒதுங்கிய பிறகு மெக்சிகோவுக்கு அறம் சொன்ன அமெரிக்காவின் வாயையும் நம்பிவிட முடியாது. இந்த வழக்கு உலக வர்த்தக நிறுவனத்தில் 2008இல் மறுபடி எழுந்து, 2019இல் அமெரிக்காவுக்குச் சாதகமாக முடிந்தது.

1999இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்பாடு வேறு வழியில் போனது. பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு பார்வையாளர். கப்பலுக்குக் கப்பல் சாவு வரம்பு. 1986இல் ஒரு லட்சத்தைத் தாண்டிய சாவு பின்னர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. துரத்தல் நிற்கவில்லை, அதில் தாயைப் பிரியும் குட்டிகள் இந்தக் கணக்கில் வருவதில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. மறுபக்கம், ஓங்கிலை விட்டு மிதவைப்பொருள்களைச் சுற்றி வளைக்கும் 'ஆபத்தில்லாத' சூரையோடு சூரைக்குஞ்சுகளும் சுறாக்களும் வாரிக்கொண்டு வருகின்றன. அவற்றுக்கு முத்திரை போட ஆளில்லை.

2016இல் அமெரிக்கா இன்னொரு விதி கொண்டுவந்தது: தனக்கு மீன் விற்கும் நாடுகள், கடற்பாலூட்டிச் சாவைத் தடுக்கத் தன்னுடைய விதிகளுக்கு ஈடான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். விற்கும் நாடுகளில் இந்தியாவும் உண்டு. நம் செவுள் வலைக்காரன் ஓங்கிலைத் துரத்துவதில்லை; இரவில் போட்ட வலையில் அது தானாக வந்து மோதுகிறது. தற்செயல் என்ற சொல் உண்மையிலேயே பொருந்துகிற இடம் இதுதான். ஆனால் இங்கும் 1972இலேயே வந்த வனவிலங்குச் சட்டத்தின்கீழ் கடற்பாலூட்டிகளைப் பிடிப்பது குற்றம். வழக்குக்குப் பயந்து, செத்ததை வலையிலிருந்து அறுத்துக் கடலிலேயே தள்ளிவிட்டு வாய்திறக்காமல் கரையேறுகிறார்கள். இப்போது அவர்களிடம்தான் போய், எத்தனை செத்தது என்று கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.