ஊனமுற்றோர் முதல் மாற்றுத்திறனாளி வரை

மாற்றுத்திறனாளி என்பது உடல், புலன், அறிவு, மனம் ஆகியவற்றுள் ஒன்றில் குறைபாடு உடையவரைக் குறிக்கத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்று வழங்கும் சொல்லாகும். இதற்கு முன்னும் பல பெயர்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பிறர் சூட்டியவை.

பழைய பெயர்கள்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாடலில், பார்வையின்மை, கூன், குள்ள உருவம், பேச்சின்மை, கேளாமை உள்ளிட்ட எட்டும் 'எச்சம்', அதாவது குறைப்பிறப்பு, என வகைப்படுத்தப்படுகின்றன. பிற்காலப் பேச்சு வழக்கில் குருடன், செவிடன், நொண்டி என்பன ஆட்களின் பெயராகவே நின்றன. ஒருவரை 'நொண்டி' என்று ஊர் அழைக்கத் தொடங்கினால், அவர் தச்சரா தையற்காரரா என்பது பின்னுக்குப் போய்விடும்.

சட்டம் இட்ட பெயர்கள்

1995ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்'. உணர்விழப்போ உறுப்புச் சிதைவோ எஞ்சியவர்கள் உதவி பெற இவ்வகை தேவைப்பட்டது. ஆனால் நோய் நீங்கியும் அதன் பெயர் நீங்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்கான காரணமாகவும் இருந்தது. 2019இல்தான் அது நீக்கப்பட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. குறைபாடு உடலில் மட்டும் இல்லை, சமூகம் எழுப்பும் தடைகளோடு சேர்ந்தே அது ஒருவரை முடக்குகிறது என்பது அதன் பார்வை. படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகத்தில் சக்கர நாற்காலியில் வருபவரைத் தடுப்பது அந்தப் படிக்கட்டே. இவ்வழியில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக்கியது. ஆயினும் வேலை இடஒதுக்கீடு பெற 40 விழுக்காடு குறைபாட்டுக்கான மருத்துவச் சான்று வேண்டும். அடையாளத்தால் ஒதுக்கப்பட்டவர் உரிமை பெறவும் அதே அடையாளத்தையே காட்ட வேண்டியுள்ளது.

புதிய பெயரும் விவாதமும்

2010இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. இழிவுக் குறிப்பு இல்லாததால் அது விரைவில் பரவியது. 2015 டிசம்பரில் பிரதமர் நரேந்திர மோடி, தெய்வீக உறுப்புடையோர் எனப் பொருள்படும் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தார். உரிமை அமைப்புகள் சில அதை எதிர்த்தன. தெய்வமாக்குவதும் ஒருவகை விலக்கலே என்றும், தேவை சமவாய்ப்பே என்றும் அவை வாதிட்டன.

சொல் மாறினால் பார்வை ஓரளவு மாறும். சாய்தளமும் சைகைமொழிபெயர்ப்பாளரும் தாமாக வந்துவிடமாட்டா. 2025இல், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. நெடுங்காலம் பிறரால் பெயரிடப்பட்டவர்கள், தங்களைப் பற்றிய முடிவுகளில் தாங்களே பேசுவதற்கு இது ஒரு வாயில்.