நன்னீர் ஜெல்லிமீன்

கடலோர மீனவர் சொறி என்று ஒதுக்கும் ஜெல்லிமீன்களுக்கு உறவாக, உப்பற்ற ஏரிகளிலும் குளங்களிலும் ஆற்று மடுக்களிலும் வாழும் மிகச் சில இனங்கள் நன்னீர் ஜெல்லிமீன்கள் எனப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி போன்ற குடையோடு நீந்தும் உருவம் இவற்றின் வாழ்வில் ஒரு குறுகிய பருவம் மட்டுமே. எஞ்சிய காலமெல்லாம், கல்லிலோ மூழ்கிய குச்சியிலோ ஒட்டிக்கொண்டு மொட்டுவிட்டுப் பெருகும் பாலிப் என்னும் மிகச் சிறிய உருவிலும், வறட்சியையும் குளிரையும் தாங்கும் உறையிட்ட உறங்குநிலையிலும் கழிகின்றது. நீர் வெதுவெதுப்பாகும் ஆண்டுகளில் திடீரெனத் திரளாகத் தோன்றி, பின்னர்ப் பல ஆண்டுகள் கண்ணில் படாமற்போவது இதனாலேயே.

இவ்வுயிரியின் அறிவியல் வரலாறு 1880 ஜூன் மாதம் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில், விக்டோரியா அல்லி வளர்த்த தொட்டியில் வில்லியம் சோவெர்பி அதைக் கண்டதிலிருந்து தொடங்குகிறது. விலங்கியலாளர்களான லாங்கெஸ்டரும் ஆல்மனும் சில நாள் இடைவெளியில் ஆளுக்கொரு பெயர் சூட்டிப் பிணங்கினர். இன்று அது கிராஸ்பெடகஸ்டா சோவெர்பியி என வழங்குகிறது. யாங்சி ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம் நீர்த்தாவரங்களோடும் வளர்ப்பு மீன்களோடும் உலகெங்கும் பரவியதாகக் கருதப்படுகிறது. அதே தொட்டியில் அதன் பாலிப்பைக் கண்டு 1884இல் எழுதிய ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராகப் பணியாற்றியது தமிழ்நாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பாகும்.

இந்தியாவுக்கே உரிய இனம் லிம்னோக்னிடா இண்டிகா. ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியது என்று நம்பப்பட்ட லிம்னோக்னிடா பேரினத்தை, 1910களின் தொடக்கத்தில் சங்கர் புருஷோத்தம் அகார்க்கர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிருஷ்ணா துணையாறுகளில் கண்டறிந்தார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் நெல்சன் அன்னன்டேல் அதை விவரித்துப் பெயரிட்டார். ஆப்பிரிக்காவும் இந்தியாவும் ஒரே உயிரினக் குழுவைப் பகிர்வது அக்கால விலங்குப் புவியியலுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

இம்மலையாறுகளிலிருந்து புதுச்சேரியின் நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் ஏரிகளோ வேறு வகையானவை. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொணரும் பாகூர் ஏரி உட்பட, வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் இவ்வாழமற்ற நீர்ப்பரப்புகளில் நிலைப்பதற்கும் உறங்கத் தெரிந்திருக்க வேண்டும். இதற்குத் தக்க சான்று, அன்னன்டேல் 1911இல் வெளியிட்ட நூலில் விரிவாக இடம்பெறும் நன்னீர்ப் பஞ்சுயிரிகள். நீர் குறையும்போது இவை கடினமான உறை கொண்ட நுண்மொட்டுகளை விட்டு மடிகின்றன, மறு மழையில் அம்மொட்டுகள் மீண்டும் வளர்கின்றன. நீர்த்தெள்ளுகளின் உறங்கும் முட்டைகளும் அவ்வாறே வண்டலில் காத்திருக்கின்றன. விராலோ, காற்றிலிருந்தும் மூச்செடுக்க வல்லதாதலால், ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கிறது.

இவ்வட்டார ஏரிகளில் ஒன்றான ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது பறவைகளை முன்னிட்டே. ஆயினும், ஏரியின் அடுத்த ஆண்டு உயிர்கள் அதன் வண்டலிலேயே உறங்குகின்றன என்பதால், படுகை முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டி எடுப்பதைவிடப் பகுதி பகுதியாகத் தூர்வாருவதே தக்க முறையாகும்.