எல்லையூரில் ஒரு சொல்

மொழிபெயர்ப்பைக் கருவியே செய்துவிடுமாயின், இருமொழி அறிந்த மனிதனால் ஆவதென்ன? இவ்வினா இன்று எங்கும் எழுகின்றது. 2022-ஆம் ஆண்டில் நடுவண் அரசு 'பாஷினி' என்னும் மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவும் நாள்தோறும் வளர்ந்து வருகின்றது. இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

அப்பகுதியில் பலநாட்டு வழக்கறிவு பண்டுதொட்டே போற்றப்பட்டது. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் திருமாலுக்குக் கோயில் எடுப்பித்து, 95 மாணவர்க்குரிய கல்விச் சாலையும் நிறுவினான். அதிற் சேர்வோர் மூன்று அரசுகளின் நடைமுறையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவனது செப்பேட்டு விதி.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளையும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் வேண்டியிருந்தது. எனினும் அவை கேரளத்திலேயே நின்றன. களியக்காவிளை இப்பாலும் பாறசாலை அப்பாலும் ஆயின. உறவும் சந்தையும் பேச்சும் அக்கோட்டைக் கடந்தே நடந்தன.

அங்கே ஒருவர், "வீட்டில் வெள்ளம் இல்லை" என்கிறார் எனக் கொள்வோம். மலையாளத்தில் வெள்ளம் என்பது நீர். தமிழ்நூல் வழக்கிலோ பெருக்கு. அவர் குடிநீரின்றி வருந்துகிறாரா, வெள்ளம் வடிந்ததென மகிழ்கிறாரா? குமரிப் பகுதித் தமிழரும் நீரை வெள்ளம் என்பதுண்டு. ஆதலின் மொழி இன்னதென்று தெரிந்தாலும் ஐயம் தீராது. ஊரறிந்தவன் பருவத்தையும் அவர் கையிலுள்ள வெறுங்குடத்தையும் பார்த்துப் பொருள் கொள்வான். ஐயமிருப்பின் திரும்பக் கேட்பான். கருவியும் பலகால் சரியாகவே பெயர்க்கும். பிழை நேர்ந்தால் விடை சொல்லக் கடமைப்பட்டவன் மனிதனே.

குறை தீர்க்கும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு உரிமை தந்துள்ளது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் தம் மொழியில் எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழிவகுத்தது. ஆயினும் எழுதியவரின் துயரை உணர்ந்து, தம் கையொப்பத்தோடு மறுமொழி கூறும் ஒருவர் அலுவலகத்தில் இருந்தாலன்றி அவ்வுரிமை ஏட்டோடு நின்றுவிடும். மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாம் இதனை நாள்தோறும் காண்கின்றோம்.

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்களே! கருவிகளை நாம் தயங்காது கையாள்வோம். அத்துடன் வாழும் ஊரின் மொழியையும் வீட்டின் தமிழையும் நம் மக்கட்குக் கற்பிப்போம். அண்டை வீட்டார் மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ சொல் தெரியாது திகைத்து நிற்குங்கால், அவருக்காகப் பேச நம்மில் ஒருவர் இருத்தல் வேண்டும்.