நம் ஊர்ப் பள்ளியும் நம் பங்கும்: ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்

யூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறும், பணிபுரிந்த பங்குக் குருக்களின் வரிசையும், தேர் செய்த ஆண்டும், மணி ஏற்றிய ஆண்டும் இடம்பெறுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு பங்கின் வரலாறு கோயில் மதிலோடு முடிந்துவிடுவதில்லை. ஞாயிறு பூசையில் முன்வரிசையில் அமரும் சிறு பிள்ளைகள் திங்கள் முதல் எங்கே போகிறார்கள், யாரிடம் படிக்கிறார்கள், என்ன கற்று வருகிறார்கள் என்பதும் பங்கின் வரலாறுதான். சிற்றூர்களில் ஏழை எளியவர்க்கு எழுத்தறிவித்ததில் சர்க்கார் பள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பள்ளிகளின் நேற்றையும் இன்றையும், அவை நிலைக்க நாம் செய்யவேண்டியதையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

திண்ணையும் மணலும்

பூவம் காரைக்கால் பிரதேசத்தின் வடக்கு விளிம்பில் உள்ள ஊர். நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு; சில கல் தொலைவில் தரங்கம்பாடி. அங்கே 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, மறு ஆண்டே தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். நம் சபையைச் சேராதவர் ஆயினும், இக்கடற்கரையில் கல்விக்கு அவர் செய்த தொண்டை நன்றியோடு நினைப்பது முறை.

அதற்கு முன்னும் பின்னும் ஊர்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலைக்கு வந்தனர். வாத்தியார் ஒருவரே, மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, மணலில் எழுதுவதையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதையும் தம் பள்ளியில் கையாண்டு, 1797-இல் அதைப்பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஒரே ஆசிரியர், பல வகுப்பு, சில பிள்ளைகள் என்பது நமக்குப் புதிதன்று. அதிலும் நன்றாகப் படிக்க வைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியது நம் நாடே. ஆனால் அதற்கு முறை வேண்டும். முறையறிந்த ஆசிரியர் வேண்டும்.

நம் திருச்சபையின் முயற்சி

1844-ஆம் ஆண்டு சனவரியில், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பொன்னாந்த் ஆண்டகை புதுவையில் குருக்களின் சங்கத்தைக் கூட்டினார். சுதேசக் குருக்களை உருவாக்குவதோடு பள்ளிகளைப் பெருக்கவேண்டும் என்பதும் அச்சங்கத்தின் முக்கியத் தீர்மானம். அதே ஆண்டு அக்டோபரில் லூயி சவினியன் துப்புயி சுவாமி, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவதற்கென்றே உள்நாட்டுக் கன்னியர் சபையொன்றைத் தொடங்கினார். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று எண்ணிய காலம் அது. அச்சபைதான் இன்று மரியாயின் மாசற்ற இருதயப் பிரான்சிஸ்கன் கன்னியர் சபையாக வளர்ந்து நிற்கிறது. துப்புயி சுவாமி புதுவை மிஷன் அச்சகத்தையும் நடத்தினார். தமிழ்-பிரெஞ்சு அகராதி உருவாகவும் உழைத்தார். புத்தகம் இல்லாமல் பள்ளி இல்லை என்பதை அறிந்தவர் அவர்.

இதற்கு முன்னரே, 1827-இல் குளூனி புனித சூசையப்பர் கன்னியர் புதுவைக்கு வந்திருந்தனர். ஆனால் மடத்துப் பள்ளிகள் பெரும்பாலும் பட்டணங்களில் அமைந்தன. சிற்றூர்களில் உபதேசியாரே செபமும் சொல்லிக்கொடுத்தார், அரிச்சுவடியும் சொல்லிக்கொடுத்தார்.

பிரெஞ்சுக்காரர் காலம்

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பித் தருவதுமாகச் சில காலம் கழிந்தது. அரசாங்கம் கல்வியில் கருத்தூன்றியது 19-ஆம் நூற்றாண்டில்தான். தெபாசின் தெ ரிஷ்மோன் ஆளுநராயிருந்தபோது 1826-இல் புதுவையில் அரசுக் கல்லூரி தோன்றியது. 1881-82-இல் பிரான்சு தன் தாய்நாட்டில் தொடக்கக் கல்வியை இலவசமாக்கி, கட்டாயமும் ஆக்கியது. குடியேற்ற நாடுகளில் அக்கட்டாயம் அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. இருந்தும் படிப்புக்கு மதிப்பு ஏறியது. பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சைகோனில் வேலை காத்திருந்தது. காரைக்காலிலிருந்து கப்பல் ஏறி இந்தோசீனத்தில் எழுத்தராகவும் சிப்பாயாகவும் பணியாற்றியோர் பலர். தொடக்கக் கல்விச் சான்றிதழ் ஒன்று குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிய காலம் அது.

பசித்த பிள்ளை படிக்காது என்பதையும் அன்றைய நிர்வாகம் உணர்ந்தது. 1930-இல் புதுவையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கப்பட்டது. தமிழகத்தில் காமராசர் அத்திட்டத்தைப் பரவலாக்கியது 1956-இல்.

எல்லை ஊர்க்காரராகிய நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளியை அரைநாளாகக் குறைத்து மறுபாதி நாளில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. நண்டலாற்றுக்கு அப்பால் பெரும் கொந்தளிப்பு. இப்பால் பிரெஞ்சு ஆட்சி நடந்ததால் அத்திட்டம் நம்மைத் தொடவில்லை. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது.

இணைப்புக்குப் பின்

ஆட்சி மாறியதும் பள்ளியின் மொழியும் பாடமும் மாறின. பிரெஞ்சின் இடத்தில் தமிழும் ஆங்கிலமும் வந்தன. புதுவையும் காரைக்காலும் தமிழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற, மாகே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. ஒரே அரசின் கீழ் மூன்று பாடத்திட்டங்கள்! அந்த ஏற்பாடு அண்மையில் முடிவுக்கு வந்தது. 2023-24-இல் 6 முதல் 9 வரையும் 11-ஆம் வகுப்பும், 2024-25-இல் 10, 12 வகுப்புகளும் மத்திய வாரியமாகிய சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 2025-இல் முதன்முறையாக அவ்வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினர்.

படித்தவர் தொகையும் பெருகியது. 2011 மக்கள் கணக்கின்படி காரைக்கால் மாவட்டத்தில் 2,00,222 பேர். எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 87 பேர். பூவத்துக்கு அண்மையிலுள்ள திருவேட்டக்குடியில், 2010-இல் நிறுவப்பட்ட தேசிய தொழில்நுட்பக் கழகமே இன்று எழுந்து நிற்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கே பொறியியல் படிக்க வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளையும் அந்த வாயிலுக்குள் நுழையவேண்டுமானால், அதற்கான வழி ஊர்ப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது.

மூன்று இழைக் கயிறு

ஒரு சிறு பள்ளியை எதனால் அளப்பது? பிள்ளைகளின் தொகை, ஆசிரியரின் தொகை, பிள்ளைகள் கற்ற அளவு என மூன்று. இவை முறுக்கிய கயிற்றின் மூன்று இழைகள். ஒன்று இற்றால் மற்றவையும் இறும்.

முதலில் பிள்ளைகள். குடும்பங்கள் சிறுத்துவிட்டன. புதுவையிலும் தமிழகத்திலும் ஒரு தாய்க்குச் சராசரி இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. பிழைப்பைத் தேடிப் பட்டணத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் பிரான்சுக்குமாகக் குடும்பங்கள் பெயர்கின்றன. இருக்கும் சில பிள்ளைகளையும் தெருமுனையில் காத்திருக்கும் தனியார் பள்ளி வேன் ஏற்றிச் செல்கிறது. இது இங்கு மட்டுமுள்ள நிலையன்று. 2024-இல் நாட்டின் சிற்றூர்களில் நடந்த 'அசர்' ஆய்வில், பார்த்த அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 52 சதவீதத்தில் 60-க்கும் குறைவான பிள்ளைகளே இருந்தனர்.

அடுத்து ஆசிரியர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதற்குக் கணக்கு வகுத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்; 61 முதல் 90 வரை மூவர்; 91 முதல் 120 வரை நால்வர். இக்கணக்கைச் சற்று நின்று கவனிப்போம். 61 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். ஒரே ஒரு பிள்ளை விலகி 60 ஆனால், சட்டம் கேட்பது இருவரை மட்டுமே. மூன்றாமவர் உபரி எனப்பட்டு வேறு பள்ளிக்கு மாற்றப்படலாம். ஐந்து வகுப்பையும் இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் விடுப்பு எடுத்தாலோ, தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் போனாலோ, மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். காரைக்காலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தலைநகர் 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. அங்கிருந்து இங்கே நியமிக்கப்படுவோர் சொந்த ஊருக்கு மாறுதல் கேட்பது இயற்கை. பிள்ளைகள் ஒருவரோடு பழகிவரும் வேளையில் அவர் போய்விடுகிறார்.

மூன்றாவது, கற்ற அளவு. 'தேர்ச்சி எத்தனை சதவீதம்?' என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. சிறு பள்ளிக்கு அக்கேள்வி பொருந்தாது. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒருவன் தவறினால் பன்னிரண்டரை சதவீதம் குறைந்துவிடும். அடுத்த ஆண்டு எட்டுப் பேரும் தேறினால் நூறு. அதை வைத்துப் பள்ளியைத் தூற்றவும் வேண்டாம், போற்றவும் வேண்டாம். கேட்கவேண்டிய கேள்வி, மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறதா என்பதே. அதே 'அசர்' ஆய்வின்படி, நாட்டின் சிற்றூர் அரசுப் பள்ளிகளில் அவ்வாறு வாசிக்க வல்லோர் நூற்றுக்கு 23 பேர். 2022-இல் இருந்த 16 பேரைவிட இது கூடுதல். முயன்றால் முன்னேறலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

கயிறு இறும் விதம் இதுதான். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் வாசிப்பு தளரும். வாசிப்பு தளர்ந்தால் இன்னும் சில பெற்றோர் பிள்ளைகளை மாற்றுவர். 2024-25 கணக்கின்படி இந்தியாவில் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் 1,04,125. ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகள் 7,993. அவ்வாண்டு புதுச்சேரியில் பிள்ளையே இல்லாத பள்ளி எதுவும் இல்லை. இறைவனுக்கு நன்றி. ஆனால் தமிழகத்தில் பிள்ளைகள் இல்லாமற்போன 46 பள்ளிகள் 2019-இல் நூலகங்களாக்கப்பட்டதை நாம் கண்டோம். நூலகம் நல்லதே. ஆனால் வாசிக்கக் கற்ற பிள்ளைக்குத்தானே நூலகம் பயன்படும்?

நம் கடமை

தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தாய் தகப்பன் தம் பிள்ளைக்கு நல்லதையே தேடுவர். ஆனால் வேன் கட்டணமும் பள்ளிக் கட்டணமும் கட்ட இயலாத வீடுகள் நம் பங்கில் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு இருப்பது ஊர்ப் பள்ளி ஒன்றே. வசதியுள்ளோர் விலக விலக, எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளையின் ஆசிரியரும் விலகவேண்டி வருகிறது.

1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று நினைவூட்டியது. கத்தோலிக்கப் பள்ளியல்லாத பிற பள்ளிகளில் பயிலும் திரளான பிள்ளைகளிடத்திலும் திருச்சபை தனிப் பாசமும் உதவியும் காட்டவேண்டும் என்றும் அது பணித்தது. ஆகவே சர்க்கார் பள்ளி சர்க்காரின் கவலை மட்டுமே என்று நாம் ஒதுங்க வழியில்லை.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பள்ளி திறக்குமுன் அன்பியங்கள் வாயிலாக வீடுகளைச் சந்தித்து, சேரும் வயதுப் பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார் அதில் சேர்ந்து, கூட்டத்துக்குத் தவறாமல் சென்று, ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் எழுத்தில் கேட்கலாம். மாலையில் ஒரு மணி நேரம், படித்த நம் இளைஞர் சிறுவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லலாம்; அந்தச் சட்டாம்பிள்ளை முறை நமக்குப் பழகியதுதானே. சாதி, மதம் பாராமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் அழைக்கலாம். நெடுந்தொலைவிலிருந்து வந்து பணிபுரியும் ஆசிரியரை ஊரார் மதித்து நடத்தினால், அவருக்கும் இவ்வூர் சொந்த ஊராகத் தோன்றும்.

யூபிலி நன்றி சொல்லும் காலம். புதிதாகத் தொடங்கும் காலமும் கூட. கோயிலுக்கு வெள்ளையடித்துத் தோரணம் கட்டும் இவ்வேளையில், நம் ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்கூடக் குறையாமல் காப்போம் என்று உறுதி கொள்வோம். அறுபத்தோராவது பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் நாமே. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் அழைத்து ஆசீர்வதித்த ஆண்டவர் நம் முயற்சியையும் ஆசீர்வதிப்பாராக!