‘ஷல்’, ‘மே’: சட்டத்தில் எடை மாறும் இரு துணைவினைகள்

ஆங்கிலத்தில் ‘ஷல்’, ‘மே’ இரண்டும் துணைவினைகள். இரண்டுமே படர்க்கை ஒருமையில் ‘எஸ்’ ஏற்பதில்லை. ஆனால் பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்தில் முன்னது ‘கடன்பட்டிருத்தல்’, பின்னது ‘ஆற்றல் உடைமை’. அந்த வேறுபாடு சட்ட மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்ச் சட்டங்களில் ஒன்று ‘வேண்டும்’ ஆகிறது, மற்றது ‘லாம்’ ஆகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நல்ல சான்று. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் செயல்பட ‘வேண்டும்’ என்று 1976-இன் 42-ஆவது திருத்தம் ‘ஷல்’ போட்டு எழுதியது. 1978-இன் 44-ஆவது திருத்தம் அதனோடு ஒரு ‘மே’யைச் சேர்த்தது: ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு அவர் கேட்க‘லாம்’. மறுபரிசீலனைக்குப் பின் வரும் ஆலோசனைக்கோ மீண்டும் ‘ஷல்’. ஒரு வாய்ப்பு தந்து, அதற்கு எல்லையும் கட்டிய அந்த வாக்கியத்தை நான் வியந்து படிப்பதுண்டு.

ஆளுநரைப் பற்றிய 200-ஆம் பிரிவும் இதே போக்குடையது. பண மசோதா அல்லாத ஒரு மசோதாவை அவர் திருப்பி அனுப்பலாம். பேரவை அதை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. தமிழ்நாட்டு மசோதாக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனது இந்தப் பிரிவை ஒட்டித்தான்.

எதிர்மறையில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். 15-ஆம் பிரிவில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்பதற்கு ‘ஷல் நாட்’ வருகிறது. அதில் ஐயமே இல்லை. ‘மே நாட்’ அப்படியல்ல. ‘செய்யக் கூடாது’ என்றும் கொள்ளலாம், ‘செய்யாமல் இருக்கலாம்’ என்றும் கொள்ளலாம். தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

பேச்சில் இன்னொரு திருப்பம். ‘ஷல் வீ கோ?’ என்று கேட்டால் நாம் ‘போகலாமா?’ என்கிறோம். கட்டளைச் சொல் அங்கே அழைப்பாகிவிடுகிறது.

சட்டத்திலும் ‘ஷல்’ எப்போதும் கட்டாயமில்லை. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 320-ஆம் பிரிவு ‘ஷல்’ கொண்டே சொல்கிறது. ஆனால் 1957-இல் மன்போதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது வழிகாட்டும் விதிதான் என்றது. கலந்தாலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது. தனக்குப் பாதுகாப்பு என்று அந்தச் சொல்லை நம்பிய ஊழியரை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. கட்டளை என்று எழுதியதைக் குடிமகன் கட்டளை என்றே நம்பும்படி இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வு உண்டு. தென்னாப்பிரிக்கா தன் 1996-ஆம் ஆண்டு அரசமைப்பில், கடமையைச் சொல்ல ‘மஸ்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கூட்டாட்சியின் உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோது, 2007-இல் ‘ஷல்’லையே நீக்கினார்கள். நம் புதிய சட்டங்களை வரைபவர்களும் ‘மஸ்ட்’ என்றே எழுதட்டும்.